எஞ்சின் கரிக்கு வீட்டு வைத்தியம்: எது எட்டும், எது எட்டாது

தோட்டம் இருந்த காலத்தில் வேலையும் வீடும் பள்ளியும் கோயிலும் நடந்து போகும் தூரத்தில் இருந்தன. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயங்கள் காலியாகி, மக்கள் ஈப்போ, சுங்கை சிப்புட், பத்து காஜா ஓரங்களில் குடியேறிய பிறகு, தொழிற்சாலைக்கும் மருத்துவமனைக்கும் பிள்ளையின் டியூஷனுக்கும் ஒரு காடி இல்லாமல் முடியாது என்றாகிவிட்டது. அது பெரும்பாலும் இரண்டு மூன்று கை மாறி வந்த சாகாவாகவோ கஞ்சிலாகவோ மைவியாகவோ இருக்கும். ஒருநாள் அது சிவப்பு விளக்கில் நிற்கும்போது நடுங்கத் தொடங்கும். மேடு ஏறும்போது உள்ளே ஏதோ தட்டும். பழைய இழுவை இருக்காது. பட்டறையில் காட்டினால், "கார்பன் ஏறிப்போச்சு, கிளீன் பண்ணணும்" என்ற பதில் வரும். செலவைக் கேட்டுத் தயங்குகிறவர்கள், கடையில் ஒரு பாட்டிலோ ஸ்பிரேயோ வாங்கி வீட்டு வாசலிலேயே வேலையைத் தொடங்குகிறார்கள்.

வீட்டில் செய்வதை நான் தடுக்க மாட்டேன். சரியாகச் செய்தால் அந்தச் சேமிப்பு உண்மையான சேமிப்புதான். ஆனால், கரி எஞ்சினில் ஒரே இடத்தில் ஒரே விதமாகப் படிவதில்லை. ஓரிடத்துக் கரியைக் கரைப்பது இன்னோரிடத்துக் கரியைத் தொடக்கூட தொடாது. வீட்டு வைத்தியம் தோற்பதும், பட்டறையில் கொடுத்த பணம் வீணாவதும் பெரும்பாலும் இந்த வேறுபாட்டைப் பார்க்காததால்தான்.

ஷீட் ரப்பரைப் புகையில் உலர்த்திய கொட்டகைக்குள் போனவர்களுக்கு இதை எளிதாக விளக்கலாம். அடுப்புக்கு அருகே படிவது உலர்ந்த கருந்தூள், விரலால் துடைத்தால் போய்விடும். குளிர்ந்த கூரையிலும் மூலைச் சுவரிலும் படிவது பழுப்புத் தார், அதைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். எஞ்சினிலும் வெப்பம்தான் இதைத் தீர்மானிக்கிறது. பெட்ரோல் எரியும் அறையில், பிஸ்டன் தலையிலும் சிலிண்டர் ஹெட்டிலும், கெட்டியான சாம்பல் நிறப் படிவு ஏறுகிறது. காற்று உள்ளே வரும் இன்டேக் வால்வின் முதுகு அவ்வளவு சூடாவதில்லை. சாதாரண ஓட்டத்தில் அது சுமார் 200 முதல் 300 டிகிரி வரைதான் போகும். கரி தானாக எரிந்து போக 550, 600 டிகிரியாவது வேண்டும். அதனால் அங்கே வந்து ஒட்டும் எண்ணெய்ப் பசை வெந்து இறுகுமே தவிர எரிந்து போகாது. திராட்டலில் படிவதோ வெறும் எண்ணெய்ப் புகையும் தூசியும் கலந்த கரும்பிசின். பிஸ்டன் ரிங்குகளின் பள்ளத்தில் சேர்வது கருகிய எஞ்சின் எண்ணெய். இப்படி நான்கு இடங்களில் நான்கு வகைக் கரி உண்டு. கடையில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் சொல்லித்தான் பாட்டில் விற்கிறார்கள்.

எல்லாக் கரியும் நோயல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ஓடும் எந்த எஞ்சினுக்குள்ளும் ஒரு மெல்லிய படலம் இருக்கும். எரியும் அறைக்குள் அது ஓரளவு ஏறி, பிறகு ஏறுவதும் எரிவதும் சமமாகி நின்றுவிடும். அளவு மீறினால்தான் தொல்லை. படிவு இடத்தை அடைப்பதால் அழுத்தம் கூடுகிறது, வெப்பத்தைப் பிடித்து வைப்பதால் பெட்ரோல் நேரத்துக்கு முன்பே வெடிக்கப் பார்க்கிறது. மேட்டில் கேட்கும் தட்டல் அதுதான். புதிதாக இருந்தபோது போதுமானதாக இருந்த ஆக்டேன் எண், ஓடி ஓடிப் பிறகு போதாமல் போவதற்கும் இதுவே காரணம்.

இது புதிய தொல்லையுமல்ல. 1950களில் இங்கே ஓடிய மோரிஸ், ஆஸ்டின் கார்களுக்கு ஹெட்டைக் கழற்றிக் கரி எடுப்பது வழக்கமான பராமரிப்பு. அன்றைய எண்ணெயும் பெட்ரோலும் அப்படி. ஈயம் கலந்த பெட்ரோல் வேறு. 1921-இல் தாமஸ் மிட்ஜ்லி கண்டுபிடித்த அந்தக் கலவை தட்டலை நிறுத்தியது, ஆனால் பிளக்கிலும் வால்விலும் ஈயப் படிவை விட்டுச் சென்றது. பெரிய தோட்டங்களில் லாரிக்கும் டிராக்டருக்கும் மின்சாரம் தரும் எஞ்சினுக்கும் சொந்தப் பட்டறை இருந்தது. அங்கே ஃபிட்டராகவும் டிரைவராகவும் இருந்த தமிழர்கள் இந்த வேலையைக் கையால் கற்றார்கள். அதில் ஒரு நுணுக்கம் உண்டு, இன்றைக்கும் மதிக்கத் தக்கது. பழைய ரிங்குகள் உள்ள எஞ்சினில் பிஸ்டன் தலையை முழுவதும் சுரண்ட மாட்டார்கள். பழைய ரிங் ஒன்றைச் சிலிண்டருக்குள் பிஸ்டன் மேல் வைத்து, விளிம்பில் ஒரு வளையம் கரியை அப்படியே விட்டு, நடுவை மட்டும் மரக் கரண்டியாலோ மென்மையான உலோகத்தாலோ எடுப்பார்கள். தேய்ந்த எஞ்சினில் எண்ணெய் மேலேறாமல் அந்த விளிம்புக் கரிதான் தடுத்து வைத்திருக்கிறது என்பது அவர்கள் அனுபவம். எவ்வளவு எடுக்க வேண்டும், எதை விட்டுவைக்க வேண்டும் என்ற இந்தக் கணக்கு, ஒரே பாட்டிலில் எல்லாம் போய்விடும் என்கிற விளம்பரத்தில் இல்லை.

இரண்டு ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்களுக்கும் இந்த வேலை தெரியும். யமாஹா ஆர்எக்ஸ்இசட் புகைக்குழாயின் உள்குழலைக் கழற்றி, நெருப்பில் சுட்டு, தட்டிக் கரியை உதிர்ப்பது அந்தக் காலத்து ஞாயிற்றுக்கிழமை வேலை. பெட்ரோலோடு எண்ணெயையும் சேர்த்து எரிக்கும் எஞ்சின் என்பதால் அதில் கரி ஏறியே தீரும்.

இந்த நிலையைப் பெரிதும் மாற்றியது பெட்ரோலில் சேர்க்கப்பட்ட சுத்திகரிப்பு இரசாயனம். கார்புரேட்டருக்கும் இன்ஜெக்டருக்கும் வால்வுக்கும் ஏற்ற கலவைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அமெரிக்கா 1995-இலிருந்து எல்லாப் பெட்ரோலிலும் குறைந்தபட்ச அளவைக் கட்டாயமாக்கியது. அந்த அளவு போதாது என்று 2004-இல் பிஎம்டபிள்யூ, ஜெனரல் மோட்டார்ஸ், ஹோண்டா, டொயோட்டா ஆகியவை 'டாப் டியர்' என்ற உயர்ந்த தரத்தை வகுத்தன. அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ 2016-இல் வெளியிட்ட சோதனையில், 4,000 மைல் அளவு ஓட்டத்துக்குப் பிறகு, அந்தத் தரத்தை எட்டாத பெட்ரோல் சராசரியாக 19 மடங்கு அதிகப் படிவை இன்டேக் வால்வுகளில் விட்டிருந்தது. இரண்டு பெட்ரோலுக்கும் ஆக்டேன் எண் ஒன்றாகவே இருக்கலாம். வேறுபடுவது அந்தச் சிறு கலவைதான்.

நம் ஊரில் இதைத் தவறாகவே புரிந்துகொள்கிறோம். "மாதம் ஒரு தடவை ரோன் 97 அடிச்சா எஞ்சின் சுத்தமாகும்" என்று சொல்வோர் ஏராளம். ஆக்டேன் எண் என்பது தட்டாமல் எரியும் திறன். சுத்தப்படுத்தும் திறன் வேறு. 2025 செப்டம்பர் இறுதியில் வந்த 'புடி 95' திட்டத்தில் மைகார்டு வைத்திருப்போர் ரோன் 95-ஐ லிட்டர் 1.99 ரிங்கிட்டுக்கு வாங்குகிறார்கள். அந்தச் சலுகை ரோன் 97-க்கு இல்லை. ரோன் 95-க்கென்று வடிவமைத்த சாகாவுக்கோ மைவிக்கோ அந்தக் கூடுதல் பணத்தைக் கொட்டுவதைவிட, அதே பணத்தில் எண்ணெயைக் காலத்தோடு மாற்றுவது எத்தனையோ மேல்.

இன்றைய கரிப் பேச்சு மீண்டும் சூடுபிடித்ததற்கு நேரடி இன்ஜெக்ஷன் எஞ்சின் காரணம். பழைய சாகாவும் கஞ்சிலும் கார்புரேட்டர் வண்டிகள். அவற்றுக்குப் பிறகு பரவலாக வந்தவற்றில் இன்ஜெக்டர் இன்டேக் குழாயில் இருக்கிறது. இந்த இரண்டு வகையிலும் பெட்ரோல் இன்டேக் வால்வின் முதுகை நனைத்தபடியேதான் உள்ளே போகிறது, கலவை நன்றாக இருந்தால் போகிறபோதே வால்வைக் கழுவுகிறது. நேரடி இன்ஜெக்ஷனில் பெட்ரோல் வால்வைத் தாண்டி எரியும் அறைக்குள்ளேயே பீய்ச்சப்படுகிறது. வால்வின் மேல் வந்து விழுவது கிராங்க் அறையிலிருந்து திருப்பி அனுப்பப்படும் எண்ணெய்ப் புகை மட்டுமே. கழுவ எதுவும் இல்லை. மிட்சுபிஷி 1996-இல் இத்தகைய எஞ்சினைப் பெருமளவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. வால்வில் கரி ஏறும் புகாரும் கூடவே வந்தது. பிற்பாடு டொயோட்டா ஒரே எஞ்சினில் இரண்டு வகை இன்ஜெக்டரையும் வைத்து இதற்குத் தீர்வு கண்டது.

இந்த வேறுபாட்டைப் பேராக்கிலேயே பார்க்கலாம். தஞ்சோங் மாலிம் ஆலையில் செய்யப்பட்டு 2020 அக்டோபரில் வந்த புரோட்டோன் எக்ஸ் 50-இன் மூன்று வகைகளில் குழாய் இன்ஜெக்ஷன், உச்ச வகையில் மட்டும் நேரடி இன்ஜெக்ஷன். வெளியே பார்க்க ஒரே கார், அதே ஒன்றரை லிட்டர், அதே மூன்று சிலிண்டர். ஆனால் பெட்ரோல் டாங்கியில் ஊற்றும் சுத்திகரிப்புப் பாட்டில் ஒன்றில் இன்டேக் வால்வைத் தொடும், மற்றதில் தொடவே தொடாது. உங்கள் காடி எந்த வகை என்று தெரிந்துகொள்ளாமல் பாட்டில் வாங்குவது வீண்செலவு.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? முதலில் பார்க்க வேண்டும். பிளக்கைக் கழற்றினால் எஞ்சின் பாதிக் கதையைச் சொல்லிவிடும். முனை வெளிர் பழுப்பாக இருந்தால் எரிதல் நன்றாக இருக்கிறது. உலர்ந்த கரிப்பொடி பூசியிருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது, அல்லது எஞ்சின் சரியாகச் சூடாவதே இல்லை. ஈரமாக, எண்ணெய்ப் பளபளப்போடு கருத்திருந்தால் ரிங்கோ வால்வு சீலோ எண்ணெயை விடுகிறது. கைப்பேசியில் மாட்டும் சிறு போர்ஸ்கோப் கேமரா இப்போது மலிவு. பிளக் துளை வழியாக அதை விட்டால் பிஸ்டன் தலை தெரியும். நடுக்கத்துக்குக் காயில் கெட்டதும் காரணமாக இருக்கலாம், எஞ்சின் தாங்கு ரப்பர் கிழிந்ததும் காரணமாக இருக்கலாம், ஒரு வெற்றிடக் குழாய் வெடித்ததும் காரணமாக இருக்கலாம். பார்க்காமல் கரியின் மேல் பழி போடக்கூடாது.

வீட்டில் செய்கிற வேலைகளில் உழைப்புக்கு மிகுந்த பலன் தருவது திராட்டல் சுத்தம். சிவப்பு விளக்கில் நடுங்கும் பழைய காடிகளில் நிறைய இதற்கே அடங்கிவிடும். காற்றுக் குழாயைக் கழற்றி, திராட்டலுக்கென்று விற்கும் ஸ்பிரேயைத் துணியில் அடித்து, தகட்டின் விளிம்பையும் உள்சுவரையும் துடைக்க வேண்டும். நேரே உள்ளே பீய்ச்சி வெள்ளமாக்கக் கூடாது. மின்மோட்டாரால் இயங்கும் திராட்டல் என்றால் தகட்டை விரலால் அழுத்தித் திறக்கக் கூடாது, பற்சக்கரம் உடையும். சில தகடுகளில் மெல்லிய பூச்சு உண்டு, கம்பித் தூரிகை போட்டால் அது போய்விடும். காற்றை அளக்கும் சென்சாருக்குத் தனி ஸ்பிரே உண்டு, இதை அதன்மேல் அடிக்கக் கூடாது. துடைத்த பிறகு ஐடில் சற்று ஏறியிருக்கும். அடைபட்டிருந்த வழிக்கு ஏற்பக் கணினி பழகியிருந்ததால் வருவது அது. கொஞ்சம் ஓடினால், அல்லது கையேட்டில் சொன்ன முறையில் மீட்டமைத்தால் சரியாகும். கூடவே பிசிவி வால்வைக் கழற்றிக் குலுக்கிப் பாருங்கள். பெரும்பாலான வகைகள் 'கலகல' என்று ஒலிக்கும். ஒட்டிப்போயிருந்தால் மாற்றுவது சிறு செலவு. எண்ணெய்ப் புகை அளவுக்கு மீறி இன்டேக்கில் வராமல் தடுப்பது அந்தச் சிறு பாகம்.

அடுத்தது டாங்கியில் ஊற்றும் பாட்டில். இதில் உள்ளே என்ன இருக்கிறது என்பது முக்கியம். பாலிஈதர் அமின் என்ற சரக்கு குழாய் இன்ஜெக்ஷன் எஞ்சினில் இன்ஜெக்டரையும் இன்டேக் வால்வையும் சுத்தம் செய்வதோடு, எரியும் அறைப் படிவையும் குறைக்கிறது. பாலிஐசோபியூட்டிலின் அமின் என்ற மலிவுச் சரக்கு வால்வைச் சுத்தம் செய்யும், ஆனால் எரியும் அறையில் தானே கொஞ்சம் படிவை விடக்கூடும். லேபிளில் எதுவுமே எழுதாத பாட்டிலை நான் வாங்க மாட்டேன். எண்ணெய் மாற்றுவதற்கு முன்னதாக உள்ள டாங்கியில் ஊற்றுவது நல்லது. கரைந்ததில் ஒரு பகுதி எண்ணெயிலும் கலக்கிறது, அந்த எண்ணெய் சீக்கிரம் வெளியேறட்டும். ஒரே டாங்கியில் அதிசயம் நடக்காது. இது மெதுவான மருந்து.

"மலை ஏத்தி இறக்கிட்டு வா, தானா சரியாப் போயிடும்" என்பார்கள் பெரியவர்கள். அதில் உண்மை உண்டு. ஈப்போவிலிருந்து மெனோரா சுரங்கப்பாதை வரை உள்ள ஏற்றத்திலோ சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் சாலையிலோ, வேக வரம்புக்குள், ஒரு கியர் குறைத்து எஞ்சினுக்கு வேலை கொடுத்தால் பிளக்கும் எரியும் அறையும் சூடேறி உலர்ந்த கரி கொஞ்சம் எரிந்து போகும். எண்ணெயில் கலந்த பெட்ரோலும் நீரும் ஆவியாகும். இன்டேக் வால்வின் தார் மட்டும் அசையாது, அது அந்தச் சூட்டை எட்டுவதே இல்லை. ஏற்றத்துக்குப் போகுமுன் தண்ணீரும் எண்ணெயும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எண்ணெய் குடிக்கும் பழைய எஞ்சினுக்கு ஊற வைக்கும் முறை உண்டு. ரிங்குகள் கரியில் சிக்கி அசையாமல் போயிருந்தால் இது சில நேரம் காப்பாற்றும். எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கும்போது பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் ரிங் கரைப்பான் சில கரண்டி ஊற்றி, இரவு முழுவதும் விடுவார்கள். மண்ணெண்ணெய் ஊற்றுவோரும் உண்டு, அது பிசினைக் கரைக்கும், இறுகிய கரியை அதிகம் தொடாது. மறுநாள் இக்னிஷனையும் பெட்ரோல் பம்பையும் துண்டித்து, துளைகளைத் துணியால் மூடி, பிளக் இல்லாமலேயே எஞ்சினைச் சுழற்றி மிச்சத் திரவத்தை வெளியேற்ற வேண்டும். இந்தப் படியைத் தாண்டிப் பிளக்கை மாட்டி ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளையும், திரவத்தை எந்தப் பிஸ்டனாலும் அமுக்க முடியாது. எண்ணெயில் இறங்கிக் கலந்த கரைப்பானால் பேரிங்குக்குத் தீங்கு வராமல் இருக்க, வண்டியை ஓட்டுவதற்கு முன் எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றியே ஆக வேண்டும். முதல் ஸ்டார்ட்டில் புகை மண்டும். திறந்த வெளியில், அக்கம்பக்கத்தார் ஜன்னலை விட்டு விலகி, தீயணைப்பான் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்ய வேண்டிய வேலை இது.

ஓடும் எஞ்சினுக்குள் வெற்றிடக் குழாய் வழியாகத் தண்ணீர் விடுவதும் ஒரு பழைய முறை. ஹெட் கேஸ்கெட் கசிந்த சிலிண்டரைத் திறந்தால் அந்தப் பிஸ்டன் மட்டும் பளபளவென்று இருப்பதை மெக்கானிக்குகள் பார்த்திருக்கிறார்கள். ஆவியாகும்போது நீர் சுமார் 1,600 மடங்கு விரிகிறது. அந்த அதிர்ச்சியில் கரி பெயர்கிறது. கொள்கை சரி. ஆனால் பனித்துளி போன்ற தூறலுக்கும் ஒரு மடக்குத் தண்ணீருக்கும் உள்ள வேறுபாடுதான் சுத்தமான பிஸ்டனுக்கும் வளைந்த ராடுக்கும் உள்ள வேறுபாடு. பெயர்ந்த கட்டி வால்வுக்கு அடியில் சிக்கலாம், டர்போவைத் தாக்கலாம். ஒரே ஒரு காடியை நம்பி வேலைக்குப் போகிறவர் இதைச் செய்யாமல் இருப்பதே நல்லது. காஸ்டிக் சோடாவையும் அடுப்புக் கரி நீக்கும் நுரையையும் எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள். ஹெட்டும் பிஸ்டனும் அலுமினியம், அலுமினியத்தைக் காஸ்டிக் தின்றுவிடும்.

கரி நீக்குவதற்கென்று பட்டறைகளில் வைத்திருக்கும் ஹைட்ரஜன் இயந்திரத்தைப் பற்றி நேரடியாகவே சொல்கிறேன். அந்த வாயு இன்டேக் வால்வைக் குளிர்ந்த நிலையில் கடந்து போய், பெட்ரோலைப் போலவே எரியும் அறையில்தான் எரிகிறது. வால்வின் முதுகுக் கரியை அது எரிக்க வழியில்லை. எரியும் அறையில் ஏதாவது செய்கிறதென்றால் காட்டட்டும். காசு கொடுக்குமுன், முன்பும் பின்பும் போர்ஸ்கோப் படம் கேளுங்கள். நேரடி இன்ஜெக்ஷன் எஞ்சினின் வால்வுக்கு நிச்சயமான வழி, இன்டேக் மானிஃபோல்டைக் கழற்றி வால்வை மூடிய நிலையில் வைத்து, உடைத்த வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றழுத்தத்தால் அடிப்பது. ஓடு கரியைப் பெயர்க்கும் அளவுக்குக் கடினம், உலோகத்தைக் கீறாத அளவுக்கு மென்மை. இது பட்டறை வேலை.

இத்தனையும் செய்து, கரி ஏறிய காரணத்தை விட்டுவிட்டால் அது திரும்ப ஏறும். நம் ஊரில் அடிக்கடி காணும் காரணம் ஒன்று எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. "நம்ம வெயிலுக்கு இது எதுக்கு" என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் பழக்கம். எஞ்சின் 80 டிகிரிக்கு மேல் சூடாகி, அந்தச் சூட்டில் நிலைத்திருக்க வேண்டும் என்று கணக்கிட்டுச் செய்தது. தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் அது சூடாக நெடுநேரம் பிடிக்கும். இன்னும் குளிராகவே இருக்கிறது என்று கணினி நினைத்துப் பெட்ரோலைக் கூட்டும். பிளக் கருக்கும், எண்ணெயில் பெட்ரோல் கலக்கும். அடுத்தது குறுந்தூர ஓட்டம். வீட்டிலிருந்து சந்தைக்கு, சந்தையிலிருந்து பள்ளிக்கு என்று மூன்று மூன்று கிலோமீட்டராக ஓடும் காடியில் எண்ணெய் ஒருபோதும் முழுச் சூட்டை அடைவதில்லை. இப்படி ஓடும் வண்டிக்கு மீட்டரை மட்டும் பார்க்காமல் மாதக் கணக்கிலும் மின்யாக் ஹித்தாம் (எஞ்சின் எண்ணெய்) மாற்ற வேண்டும். டர்போவும் நேரடி இன்ஜெக்ஷனும் சேர்ந்த எஞ்சினுக்கு 2020-இல் வந்த ஏபிஐ எஸ்பி தர எண்ணெய் வேண்டும். கீழ்ச் சுற்றில் முன்கூட்டியே வெடிக்கும் கோளாறைத் தடுப்பதற்கென்றே அதில் சோதனை வைத்திருக்கிறார்கள்.

வீட்டில் வேலை செய்கிறவர் மறக்கும் ஒன்று கழிவு எண்ணெய். மலேசியாவின் 2005-ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு விதிகளில் பயன்படுத்திய மசகெண்ணெய் எஸ்டபிள்யூ 305 என்ற எண்ணில் வருகிறது. அதைக் காலி பாட்டிலில் ஊற்றி, பழைய எண்ணெய் சேகரிக்கும் பட்டறையில் கொடுக்கலாம். வீட்டு வடிகாலில் ஊற்றினால் அது கிந்தா ஆற்றுக்குப் போகும்.

இவ்வளவுக்குப் பிறகும் நீலப் புகை நிற்காவிட்டால் இனிமேல் பாட்டில் வாங்காதீர்கள். அழுத்தமானி வைத்து ஒவ்வொரு சிலிண்டரையும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். அழுத்தம் குறைந்த சிலிண்டரில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி அளந்தால், எண் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு. எண்கள் எல்லாம் சமமாகவும் சரியாகவும் இருந்து, காலை ஸ்டார்ட்டில் மட்டும் நீலப் புகை வந்தால், இறுகிப்போன வால்வு சீல்களைச் சந்தேகிக்கலாம். பழைய சாகா, வீராக்களில் அடிக்கடி காண்பது அது, சீலை மாற்றினாலே போதும். ரிங்கே போயிருந்தால், ஹெட்டைத் திறக்கும் செலவையும் ஹாஃப் கட் கடையில் வேறு எஞ்சின் எடுக்கும் செலவையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதி வைத்து, காடியின் வயதைப் பார்த்து முடிவெடுக்கலாம்.